தோன்றா எழுவாய்: யூத மறைஞானத்தில் அறியவொண்ணா இறைநிலை

முன்னுரை

இறைவனின் உள்ளியல்பை எவ்வறிவாலும் எட்ட இயலாது என்னும் கொள்கை சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. ஆயின், எட்ட இயலாது என்று துணிந்தபின் அவனைப் பற்றி நூல் இயற்றுவதும், அவனை நோக்கி நாள்தோறும் வேண்டுவதும் எங்ஙனம் பொருந்தும் என்னும் வினாவை எல்லாச் சமயங்களும் ஒரே வகையில் எதிர்கொள்ளவில்லை. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியிலும், பின்னர் ஸ்பெயினின் கட்டலோனியா, காஸ்டீல் பகுதிகளிலும் வளர்ந்த 'கபாலா' எனப்படும் யூத மறைஞான மரபு இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பியது. அம்மரபில் இறைவனின் அறியவொண்ணா நிலை 'எய்ன் சோஃப்' எனப்படும். அந்நிலையிலிருந்து வெளிப்படும் பத்து ஆற்றல்கள் 'செஃபிரோத்' எனப்படும்.

எய்ன் சோஃப் பற்றிய எழுத்துகளைப் பெரும்பாலோர் தத்துவக் கோட்பாடாகவே படித்துள்ளனர். அவ்வெழுத்துகளில் இறைநிலையின் அறியவொண்ணாமை முதன்மையாகக் காக்கப்படுவது கோட்பாட்டால் அன்று, தொடரமைப்பால் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. வேற்றுமை, எழுவாய், வினாச்சொல், மூவிடப் பெயர் என்னும் இலக்கணக் கூறுகளே இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தமிழ் இலக்கணக் கலைச்சொற்கள் இங்கு விளக்கக் கருவிகளாக மட்டுமே ஆளப்படுகின்றன. இரு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு காட்டுவது நோக்கமன்று. எய்ன் சோஃபை வேதாந்தத்தின் நிர்க்குணப் பிரம்மத்தோடு உடனடியாக ஒப்பிட்டு முடித்துவிடும் போக்கினையும் இக்கட்டுரை தவிர்க்கிறது. ஒப்பீட்டுக்கு முன் ஒவ்வொரு மரபின் நூல்களும் எவ்வாறு பேசுகின்றன என்பது தெளிவாக வேண்டும்.

மைமோனிதேஸ் விட்டுச்சென்ற சிக்கல்

கபாலாவின் தோற்றக் காலத்திலேயே வாழ்ந்த யூத மெய்யியலார் மைமோனிதேஸ் (1138 - 1204). ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்து எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் மறைந்த இவர், 'மருண்டோர்க்கு வழிகாட்டி' என்னும் பொருள்படும் தலைப்பில் அரபு மொழியில், எபிரேய எழுத்தில், ஒரு பெருநூல் எழுதினார். இந்நூலை 1204-இல் சாமுவேல் இபின் திப்போன் எபிரேயத்தில் மொழிபெயர்த்து முடித்தார். இறைவனுக்கு எப்பண்பையும் உடன்பாட்டில் கூறலாகாது. எதிர்மறையாகவே கூறலாம் என்பது இந்நூலின் முதற்பகுதியில் விரித்துரைக்கப்படும் கொள்கை. 'இறைவன் அறிவுடையவன்' என்னும் தொடருக்கு 'அவன் அறியாமை இல்லாதவன்' என்பதே இவர் கொள்ளும் பொருள். ஒவ்வொரு மறுப்பும் மனிதனை உண்மைக்குச் சற்று அருகில் கொண்டுசெல்லும். இறுதியில் மௌனமே தக்க புகழுரையாக எஞ்சும்.

இக்கொள்கையை விளக்க, தால்முதில் உள்ள ஒரு நிகழ்ச்சியை மைமோனிதேஸ் எடுத்துக்காட்டுகிறார். வழிபாட்டை நடத்திய ஒருவர் இறைவனுக்கு அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே சென்றார். ரபி ஹனினா அவரைக் கண்டித்தார். பொற்காசுகள் எண்ணற்றவை உடைய அரசனை வெள்ளிக்காசு உடையவன் என்று புகழ்வது இழிவாகும் என்பது அவர் தந்த விளக்கம். பொன்னின் அளவைக் குறைத்துக் கூறியது அன்று பிழை. பொன்னை வெள்ளியென்று கூறியதே பிழை என்று மைமோனிதேஸ் இதற்குப் பொருள் காண்கிறார். அளவு வேறுபாடன்று, வகை வேறுபாடு என்பது கருத்து.

இவ்வாதம் தருக்க முறையில் வலுவானது, வழிபடுவோனுக்கோ கடினமானது. மறைநூலின் இறைவன் சினக்கிறான், இரங்குகிறான், உடன்படிக்கை செய்கிறான். மறுப்புகளின் முடிவில் எஞ்சும் இறைவன் இவற்றுள் எதையும் செய்வதாகக் கூற இயலாது. அறியவொண்ணாமையையும் காக்க வேண்டும். மறைநூலின் உயிருள்ள சொற்களையும் இழத்தல் கூடாது. கபாலா மரபினர் இவ்விரண்டையும் ஒருசேர வேண்டினர். இதற்கு அவர்கள் கண்ட வழி, மறைநூலின் சொற்களையே வேறு வகையாகப் படிப்பதாகும்.

வினையடை பெயரான வரலாறு

'எய்ன்' என்பதற்கு 'இல்லை' என்றும் 'சோஃப்' என்பதற்கு 'முடிவு' என்றும் பொருள். தொடக்கத்தில் இச்சொற்றொடர் இறைவனின் பெயராக வழங்கவில்லை. எண்ணமோ ஆற்றலோ 'முடிவின்றி' நீள்கிறது என்று கூறும் இடங்களில் வினையடையாகவே வந்தது. பின்னர், 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அந்த அடையே பெயராக நிலைபெற்றது. இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தவர் கெர்ஷோம் ஷோலெம் (1897 - 1982). தொடக்க காலக் கபாலா நூல்களில் இச்சொல் எபிரேயத்தின் சுட்டு இடைச்சொல் இன்றியே ஆளப்படுவது அதன் வினையடைப் பிறப்புக்குச் சான்றாகிறது.

இவ்வரலாறு ஓர் அடிப்படை உண்மையை உணர்த்துகிறது. 'எய்ன் சோஃப்' ஒரு பொருளைச் சுட்ட இடப்பட்ட பெயரன்று. ஒரு செயல் எங்கும் நிற்காமையைக் குறித்த அடைமொழி. எதனைப் பற்றியது என்று கூறாமல் 'முடிவின்றி' என்று மட்டும் கூறி நின்றுவிட்ட ஒரு தொடரே காலப்போக்கில் பெயராயிற்று. இதனைத் தமிழில் பெயர்ப்பதிலுள்ள இடர்ப்பாடும் இங்குக் கருதத்தக்கது. 'முடிவிலி' என்றால் 'இலி' என்னும் ஈறு முடிவில்லாத ஒருவனையோ ஒன்றையோ சுட்டிவிடும். 'முடிவின்மை' என்றால் அது ஒரு பண்புப்பெயராகிவிடும். எபிரேயச் சொல் இவ்விரண்டிலும் முழுமையாக அடங்குவதில்லை. அது பெயராகிய பின்னும் தன் அடைத்தன்மையை இழக்கவில்லை.

இச்சொல்லுக்குத் தருக்க விளக்கம் அளிக்க முயன்றவர் கட்டலோனியாவின் ஜிரோனா நகரைச் சேர்ந்த அஸ்ரியேல். பத்து செஃபிரோத்தை வினா-விடை முறையில் விளக்கும் நூலை இவர் இயற்றினார். எல்லையற்றதற்கு எல்லைக்குட்பட்டதில் ஆற்றல் இல்லையெனின், அதுவே எல்லையற்றதன் நிறைவுக்கு ஒரு குறையாகும் என்பது அவருடைய வாதம். ஆகவே எல்லையுடைய செஃபிரோத், எல்லையற்றதன் நிறைவை மறுப்பவை அல்ல, அதனை நிறைவேற்றுபவை. மைமோனிதேஸின் மறுப்பு முறையை ஏற்றுக்கொண்டே அதிலிருந்து உடன்பாட்டுக்கு ஒரு வாயில் திறக்கும் வாதம் இது.

தோன்றா எழுவாய்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காஸ்டீலில் 'ஸோஹர்' வெளிப்பட்டது. பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்த இந்நூல், 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரபி ஷிமோன் பார் யோஹாய் பெயரில் வழங்குகிறது. இதன் ஆக்கத்தில் மோசே தெ லெயோனுக்கு (இறப்பு 1305) முதன்மையான பங்குண்டு என்பது ஆய்வாளர் கருத்து. மறைநூலின் முதல் தொடருக்கு ஸோஹர் காணும் பொருள், எய்ன் சோஃப் பற்றிய சிந்தனையின் உச்சமாகும்.

அத்தொடரின் முதல் மூன்று சொற்கள் 'பெரேஷீத்', 'பாரா', 'எலோஹீம்' என்பன. வழக்கமான உரையில் 'பெரேஷீத்' என்பது 'தொடக்கத்தில்' எனக் காலம் குறிக்கும். 'பாரா' (படைத்தான்) என்பது பயனிலை. 'எலோஹீம்' (கடவுள்) என்பது எழுவாய். எபிரேயத்தில் வினை முன்னும் எழுவாய் பின்னும் வருவது இயல்பு. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளும் இவ்வாறே பொருள் கொள்கின்றன.

ஸோஹர் சொற்களின் வரிசையை மாற்றவில்லை, எழுத்தொன்றையும் கூட்டவில்லை. 'பெ' என்னும் முன்னொட்டுக்கு 'இல்' என்னும் ஏழாம் வேற்றுமைப் பொருளை விடுத்து, 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமைப் பொருளைக் கொள்கிறது. 'தொடக்கத்தில்' என்பது 'தொடக்கத்தால்' ஆகிறது. இத்தொடக்கம் 'ஹொக்மா' எனப்படும் ஞானம். அடுத்து, 'எலோஹீம்' எழுவாய் நிலையிலிருந்து செயப்படுபொருள் நிலைக்கு இறங்குகிறது. அது 'பினா' எனப்படும் மூன்றாம் செஃபிராவைக் குறிக்கிறது. இவ்வாறாயின் படைத்தவன் யார்? தொடரில் விடையில்லை. 'பாரா' என்னும் வினைமுற்று படர்க்கை ஆண்பால் ஒருமையை உள்ளடக்கியது. அவ்வடிவத்தினுள்ளேயே எழுவாய் மறைந்து நிற்கிறது.

தமிழ் இலக்கணம் இதனைத் தோன்றா எழுவாய் என்னும். 'வந்தான்' என்னும்போது 'அவன்' வெளிப்படையாக இல்லாவிடினும் விகுதியால் உணரப்படுகிறான். ஸோஹரின் வாசிப்பில் அறியவொண்ணா இறைநிலை இவ்வாறே நிற்கிறது. பெயரில்லை, ஆயின் அது செய்த செயலுண்டு. அது இல்லையெனின் தொடரே நிறைவுறாது. அதனைக் கூறினாலோ தொடரின் மறைபொருள் அழிந்துவிடும். 'இறைவனின் உள்ளியல்பு அறியவொண்ணாதது' என்று ஒரு நூல் கூறும்போது, 'உள்ளியல்பு' என்னும் சொல்லே எழுவாயாக வந்து அமர்ந்து ஒரு பொருளாகிவிடுகிறது. அத்தகைய எழுவாயையே ஸோஹர் தவிர்க்கிறது.

இவ்வாசிப்பு எபிரேய இலக்கணத்துக்கு முழுவதும் உடன்பட்டதன்று. வரையறையுடைய செயப்படுபொருளுக்கு முன் 'எத்' என்னும் இடைச்சொல் வருவது எபிரேய உரைநடை மரபு. அதே தொடரில் வானத்துக்கும் நிலத்துக்கும் முன் அது வருகிறது. 'எலோஹீம்' என்பதற்கு முன் வரவில்லை. ஆகவே இலக்கண நெறிப்படி 'எலோஹீம்' எழுவாயே. ஸோஹரை உருவாக்கியோர் இதனை அறியாதவர் என்று கொள்வதற்கில்லை. நெறியை மீறியே ஒரு மறைபொருளைக் காட்டும் இவ்வுரைமுறை, நேர்ப்பொருளை நீக்கிவிடவும் இல்லை. இரு பொருளும் ஒரே சொற்களில் உடனிருக்கின்றன. மறைநூலின் இறைவனும் அறியவொண்ணா இறைநிலையும் இருவேறு கடவுளர் அல்லர். ஒரே தொடரின் இருவகை வாசிப்புகள். மைமோனிதேஸ் விட்டுச்சென்ற சிக்கலுக்கு ஸோஹர் தரும் விடையாக இதனைக் கொள்ளலாம்.

வினாவே பெயராதல்

எழுவாயை மறைப்பது ஒரு முறை. வினாச்சொல்லைப் பெயராக்குவது மற்றொன்று. ஏசாயா நூலின் 40-ஆம் அதிகாரத்தில், கண்களை உயர்த்தி விண்மீன்களைக் காணுமாறும் அவற்றைப் படைத்தவர் யார் என எண்ணுமாறும் ஒரு தொடர் பணிக்கிறது. அத்தொடரிலுள்ள 'மி' (யார்), 'எலே' (இவை) என்னும் இரு சொற்களையும் ஸோஹரின் முன்னுரைப் பகுதி எடுத்துக்கொள்கிறது. 'மி' என்பதன் எழுத்துகள் முறைமாறி 'எலே' என்பதோடு இணைய, 'எலோஹீம்' என்னும் இறைப்பெயர் உருவாகிறது. 'யார்' என்னும் வினாவும் 'இவை' என்னும் காணப்படும் உலகமும் கூடிய இடமே இறைவனின் பெயர் என்பது இதன் கருத்து.

'யார்' என்று வினவக்கூடிய எல்லை பினாவோடு முடிகிறது. அதற்கு மேல் வினாவும் செல்லாது. கீழே 'மா' (என்ன) என்னும் வினா நிற்கிறது. தேடியவன் படிப்படியாக ஆராய்ந்து இவ்வினாவை அடையும்போது, என்ன அறிந்தாய், யாவும் முன்போலவே மறைந்துள்ளனவே என்னும் பொருளில் ஸோஹர் அவனை எதிர்கொள்கிறது. இங்கு வினா, விடையை அடைவதற்கான கருவியாக இல்லை. அதுவே சென்றடையும் இடமாகிறது.

யோபு நூலின் 28-ஆம் அதிகாரத்தில் ஞானம் எங்கிருந்து கிட்டும் என்று வினவப்படுகிறது. 'எங்கிருந்து' என்பதற்கான எபிரேயச் சொல் 'மேஅயின்'. 'அயின்' என்பதற்கு 'எங்கு' என்னும் பொருளோடு 'இன்மை' என்னும் பொருளும் உண்டு. கபாலா மரபினர் இவ்வினாவை விடையாகவே படித்தனர்: ஞானம் இன்மையிலிருந்து பிறக்கிறது. இவ்வின்மை 'கெத்தெர்' (மகுடம்) எனப்படும் முதல் செஃபிராவைக் குறிக்கும். சிலேடையால் அமைந்த இவ்வாசிப்பில் இன்மை என்பது வெறுமை அன்று. மனித அறிவுக்கு எதுவாகவும் தென்படாத நிறைவு. 'அயின்' என்பதன் எழுத்துகளே இடம் மாறி 'அனி' (நான்) என்னும் தன்மைப்பெயர் ஆவதையும் இம்மரபினர் சுட்டுவர்.

மூன்றும் பத்தும்

இம்மறைஞானம் எதிர்ப்பின்றி வளரவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நார்போன் நகரைச் சேர்ந்த மெயிர் பென் சிமியோன், செஃபிரோத்தை நோக்கி வேண்டுவோர் ஒரே இறைவனை விட்டு விலகியவர் என்று கடுமையாகத் தாக்கி எழுதினார். 14-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்து, 1391-க்குப் பின் அல்ஜியர்ஸில் குடியேறிய சட்ட அறிஞர் ஐசக் பென் ஷேஷெத் (1326 - 1408), தம் விடைத் தொகுப்பின் 157-ஆம் விடையில் இச்சிக்கலைப் பதிவு செய்துள்ளார். கிறித்தவர் மூன்றை நம்புவது போலக் கபாலாவினர் பத்தை நம்புகின்றனர் என்று மெய்யியலார் ஒருவர் எள்ளியதாக அவர் குறிப்பிடுகிறார்.

யோசேப் இபின் ஷோஷான் என்னும் கபாலா அறிஞரிடம், ஒரு வேண்டுதலில் ஒரு செஃபிராவையும் மற்றொன்றில் வேறொரு செஃபிராவையும் எண்ணுவது எவ்வாறு தகும் என்று ஐசக் வினவினார். வேண்டுதல் எப்போதும் காரணங்களுக்கெல்லாம் காரணமான இறைவனை நோக்கியதே என்பது அவர் அளித்த விடை. நீதி வேண்டுவோன் அரசனிடமே முறையிடுகிறான். ஆயினும் கருவூலக் காவலனுக்கு ஆணையிடுமாறு கேளாமல், நீதி வழங்குவோனுக்கு ஆணையிடுமாறு கேட்கிறான் என்று அவர் உவமை கூறினார். ஐசக் இவ்விளக்கத்தைச் சிறந்ததென ஒப்புக்கொள்கிறார். ஆயினும் இத்தகைய நுட்பங்களில் நுழைவதற்கு என்ன தேவை என்று வினவி, சினோன் நகர் சாம்சன் என்னும் பேரறிஞர் ஒரு குழந்தையின் மனநிலையில் தாம் வேண்டுவதாகக் கூறியதை எடுத்துக்காட்டுகிறார்.

இரு தரப்பும் நேர்மையுடன் பேசும் இவ்வுரையாடல், எய்ன் சோஃப் பற்றிய ஆய்வுகள் தவறவிடக்கூடாத ஒன்று. எதிர்ப்பாளரின் அச்சம் பொருளற்றதன்று. பத்து ஆற்றல்களையும் அவற்றுக்கு மேலுள்ள ஒன்றையும் வரிசைப்படுத்திக் கூறும்போது, அறியவொண்ணா நிலை பதினொன்றாம் படியாகிவிடும் இடருண்டு. கபாலா மரபினரே இவ்விடரிலிருந்து முழுமையாகத் தப்பவில்லை. எய்ன் சோஃபும் கெத்தெரும் ஒன்றா, வேறா என்னும் விவாதம் நீண்டகாலம் தொடர்ந்தது. சஃபேத் நகரின் மோசே கோர்தொவேரோ (1522 - 1570) தம் 'பர்தேஸ் ரிமோனிம்' நூலில் ஒரு வாயில் முழுவதையும் இவ்வினாவுக்கு ஒதுக்கி, இரண்டும் வேறு என நிறுவினார். அவருக்குப் பின் ஐசக் லூரியாவின் (1534 - 1572) வழிவந்தோர், எய்ன் சோஃப் தன்னைச் சுருக்கிக்கொண்டு உலகுக்கு இடம் தந்ததாகக் கூறும் 'த்ஸிம்த்ஸும்' கொள்கையைப் பரப்பினர். தோன்றா எழுவாய் இங்குத் தோன்றும் எழுவாயாகிறது. ஒரு கதையின் தலைவனாகிறது. இச்சுருக்கம் நேர்ப்பொருளா, உருவகமா என்று 18-ஆம் நூற்றாண்டில் இம்மானுவேல் ஹாய் ரிக்கியும் யோசேப் எர்காசும் மாறுபட்டு எழுத நேர்ந்தது இம்மாற்றத்தின் விளைவே. ஸோஹரின் தொடரமைப்பில் எழாத வினா, அது கதையானபோது எழுந்தது.

படர்க்கையும் முன்னிலையும்

எய்ன் சோஃப் என்னும் சொல்லே இறைவனின் இந்நிலை ஆள்தன்மை அற்றது என்பதைக் காட்டுகிறது என ஷோலெம் 1941-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற ஆய்வுநூலில் கருதினார். மறைந்த இறைவன் படைப்பிலும் வெளிப்பாட்டிலுமே ஆள்தன்மை பெறுகிறான் என்பது அவர் முடிவு. 13-ஆம் நூற்றாண்டின் சில கபாலா அறிஞர்கள் எய்ன் சோஃபின் உள்ளேயே பத்துக்கும் வேர்கள் உண்டெனக் கொண்டதை மோஷே இடெல் 1982-இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டி, இப்படத்தின் ஒருதலைப்போக்கைத் திருத்தினார். இருவர் முடிவும் எய்ன் சோஃப் எத்தகையது என்னும் படர்க்கை வினாவுக்கு விடையாகவே அமைகின்றன. அந்நிலையை விளித்துப் பேசும் நூற்பகுதிகளையும் சேர்த்து நோக்கினால் படம் மேலும் மாறுகிறது.

எபிரேய இலக்கணத்தில் தன்மை 'பேசுபவர்' என்றும் முன்னிலை 'எதிரே இருப்பவர்' என்றும் படர்க்கை 'மறைந்தவர்' என்றும் பொருள்படும் சொற்களால் குறிக்கப்படுகின்றன. படர்க்கைக்குரிய 'நிஸ்தார்' என்னும் சொல்லே மறைந்துள்ளதைக் குறிக்கும் சொல்லுமாகும். யூதர் நாள்தோறும் கூறும் வாழ்த்துரைகள் 'நீ' என முன்னிலையில் தொடங்கி, கட்டளைகளால் மக்களைத் தூய்மையாக்கியவன் எனப் படர்க்கைக்கு மாறுகின்றன. இவ்விட மாற்றத்தில், வெளிப்பட்டவனும் மறைந்தவனும் ஒருவனே என்னும் கருத்தை மறைஞான உரையாசிரியர்கள் கண்டனர். ஸோஹரும் 'அவன்', 'நீ', 'நான்' என்னும் மூவிடப் பெயர்களை வெவ்வேறு செஃபிரோத்துக்கு உரியனவாக்குகிறது. அவற்றுள் 'அவன்' மிக மறைந்த வெளிப்பாட்டுக்கு உரியது. 'நான்' மனிதனுக்கு மிக அண்மையிலுள்ள 'ஷெகினா'வுக்கு உரியது. இவ்வமைப்பின்படி 'நீ' என்பது உயர்நிலைக்கு உரிய சொல்லன்று.

ஸோஹருக்குச் சற்றுப் பின்னர் வேறோர் ஆசிரியரால் இயற்றப்பட்ட 'திக்குனே ஸோஹர்' இவ்வமைப்பை மாற்றுகிறது. அதன் முன்னுரையில் எலியா இறைவாக்கினர் பேசுவதாக அமைந்த பகுதியில், எண்ணத்துக்கு எட்டாமை, எண்ணிக்கைக்குள் அடங்காத ஒருமை, அறியப்பட்ட பெயரின்மை ஆகியன அனைத்தும் 'நீ' என்னும் விளிக்குள் கூறப்படுகின்றன. மைமோனிதேஸின் மறுப்புகளை நினைவூட்டும் பொருளே இங்கும் உள்ளது; ஆயின் அது 'அவன் அறியப்படான்' என்று உரைக்கப்படவில்லை, 'நீ அறியப்படாய்' என்று வேண்டப்படுகிறது. இப்பகுதி செஃபர்தி யூதரின் வழிபாட்டு நூல்கள் பலவற்றில் இடம்பெற்று ஓதப்படுவது தற்செயலன்று. படர்க்கையில் அறியவொண்ணாமை ஒரு தடை. முன்னிலையில் அது ஒரு வணக்கம்.

இம்முடிவுக்கு அரண் செய்யும் குறிப்பொன்று, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்த 'மஆரெகெத் ஹா எலோஹுத்' என்னும் ஆசிரியர் பெயரறியா நூலில் உண்டு. எய்ன் சோஃப் பற்றி மறைநூலின் எப்பகுதியிலும், தால்முத் அறிஞர் மொழிகளிலும் குறிப்பில்லை என்று அந்நூல் துணிந்து கூறுகிறது. இக்கூற்று எய்ன் சோஃபைச் சமய வாழ்வுக்கு அப்பாற்பட்டதாக்குவதெனச் சிலர் கொள்வர். ஆயின் அந்நூல், வழிபாட்டில் தேர்ந்தோர்க்கு அதுபற்றிய சிறு குறிப்பு கிடைத்துள்ளது என்றும் சேர்த்துக் கூறுகிறது. நூல்களில் இல்லாத ஒன்று வழிபாட்டில் உணரப்படும் என்னும் இக்கருத்து கூர்ந்து நோக்கத்தக்கது.

முடிவுரை

எய்ன் சோஃப் பற்றிய கபாலா எழுத்துகள், அறிய இயலாத ஒன்றைப் பற்றிய அறிவுத் தொகுதியாக மட்டும் படிக்கப்படும்போது முரண்பாடாகவே தோன்றும். ஐசக் பென் ஷேஷெத் பதிவு செய்த எள்ளலும் அம்முரண்பாட்டிலிருந்தே பிறந்தது. வினையடை பெயராதல், வேற்றுமைப் பொருள் மாறுதல், எழுவாய் மறைதல், வினாவே விடையாதல், படர்க்கை முன்னிலையாதல் ஆகிய மொழி நிகழ்வுகளாக அவற்றைப் படிக்கும்போது, அம்மரபினர் மேற்கொண்ட முயற்சியின் உண்மை புலப்படுகிறது. இறைவனைப் பற்றிக் கூறும் தொடரில் அவனுக்குரிய இடத்தை வெற்றிடமாகவே விட்டுவைப்பதும், அவ்விடத்தை நோக்கியே பேசுவதும் அவர்தம் நெறி.

இந்நெறி எல்லா நூல்களிலும் ஒரே உறுதியுடன் காக்கப்படவில்லை என்பதும் மேலே காட்டப்பட்டது. கோர்தொவேரோவின் வகைப்பாட்டிலும் லூரியா மரபின் கதையமைப்பிலும் வெற்றிடம் நிரம்பத் தொடங்குகிறது. எனினும் குழந்தையின் மனநிலையில் வேண்டுவதாகக் கூறிய சாம்சனும், அறியவொண்ணாததை 'நீ' என விளித்த திக்குனே ஸோஹர் ஆசிரியரும், எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து ஒரே இடத்தில் சந்திக்கின்றனர். விளிப்பதற்கு விளக்கம் தேவையில்லை என்பதே அவ்விடம்.